கதிரையிலிருந்து கிணற்றடி வரை

“அவவுக்கு வீட்டிலை ஒட்சிசன் போட்டிருக்காம்” என்று யாழ்ப்பாணத்தில் யாராவது சொன்னால், கேட்பவரின் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். அடுத்த கேள்வி அநேகமாக “வெளியிலை இருக்கிற பிள்ளையளுக்கு அறிவிச்சாச்சோ?” என்பதாக இருக்கும். ஒட்சிசன் என்றால் வைத்தியசாலைக் கட்டில், தலைமாட்டில் நிற்கும் சிலிண்டர், கடைசி நாட்கள் என்றே எங்கள் கண்ணுக்குப் பழகிப்போயிற்று. எனக்கும் அப்படித்தான். பெரியம்மாவின் மூக்கில் அந்த மெல்லிய குழாயை முதன்முதலாகக் கண்ட அன்று சுவாமி அறைக்குள் போய் நின்று அழுதேன்.

அதற்குப் பிறகு மூன்று வருடங்கள் போய்விட்டன. பெரியம்மா காலையில் தானே எழும்பி முகம் கழுவுகிறார், மின்கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்துத் தேத்தண்ணி போடுகிறார், எனக்கும் ஒரு கோப்பை நீட்டுகிறார். குழாய் இன்னும் மூக்கில்தான் இருக்கிறது. இந்த மூன்று வருடத்தில் வைத்தியர்களிடமும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடமும் எங்கள் சொந்தப் பிழைகளிடமும் கற்றதை, இதே குழாயைக் கண்டு பயந்துபோயிருக்கும் வீடுகளுக்காக எழுதுகிறேன். மூச்சுத் துணை என்பது ஆளை எழுப்பி நடமாட வைப்பதற்கான ஏற்பாடு. அதைப் பூட்டிவிட்டு ஆளைக் கதிரையில் இருத்தி வைத்தால், பணமும் மின்சாரமும் செலவாகும், ஆள் தேய்ந்துகொண்டே போவார்.

பெரியம்மா வாழ்நாளில் சுருட்டோ பீடியோ தொட்டவரல்ல. புகையிலை விளைந்த மண், சுருட்டுச் சுற்றிப் பிழைத்த ஊர் என்பதால், நுரையீரல் நோய் என்றால் சுருட்டுக் குடித்த ஆம்பிளைகளின் வருத்தம் என்று நாங்கள் எண்ணிவிடுகிறோம். ஆனால் ஐம்பது வருடம் குசினிக்குள் குனிந்து நின்ற பெண்களின் கணக்கை யார் பார்த்தது? பனைமட்டை, ஊமல், பொச்சு, பன்னாடை என்று எரிந்த அடுப்பு. காற்று வெளியேறக் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. 1990 க்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரமும் இல்லை, பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் அருமை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத் திரி வைத்து எரித்த விளக்கின் கரி, காலையில் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்தால் துணியில் தெரியும். அந்தப் புகை எல்லாம் எங்கோ போய்விடவில்லை. விறகுப் புகையும் புகைத்தலைப் போலவே சுவாசக் குழாய்களைச் சுருக்கி, நுரையீரலின் காற்றுப் பைகளைக் கரைக்கக்கூடியது. சி.ஓ.பி.டி. என்று வைத்தியர்கள் சொல்லும் நாட்பட்ட சுவாசத் தடை நோய் இதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021 இல் மட்டும் ஏறத்தாழ 35 இலட்சம் பேர் இதனால் இறந்திருக்கிறார்கள். பழைய காசநோய் விட்டுச்சென்ற தழும்புகளும் சிலரை இதே இடத்துக்குக் கொண்டுவந்து விடுகின்றன.

எங்கள் பேச்சில் இளைப்பு எதுவானாலும் “முட்டு”, “தொய்வு” என்ற இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடும். ஆஸ்துமாக்காரருக்கும் தொய்வுதான், பெரியம்மாவுக்கும் தொய்வுதான். வித்தியாசம் ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் தெரியவரும். மூச்சுக் குழாயை விரிக்கும் மருந்தை எடுத்த பிறகும், முழு மூச்சாக ஊதும் காற்றில் 70 வீதத்துக்குக் குறைவாகவே முதல் செக்கனில் வெளியேறினால், அது நிரந்தரத் தடை. பெரியம்மா பத்து வருடம் தொய்வுக்காரியாகவே மருந்தெடுத்தார். அந்தப் பரிசோதனையைச் செய்தது பதினோராவது வருடத்தில்.

இந்த நோயில் கஷ்டம் மூச்சை உள்ளே இழுப்பதில் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அது வெளியே விடுவதில். குழாய்கள் பாதியில் ஒட்டிக்கொள்வதால் பழைய காற்று வெளியேறாமல் நெஞ்சுக்குள் தேங்குகிறது. அவசரப்பட்டால் மூச்சு வேகமாகும், வேகமானால் விடுவதற்கு நேரம் போதாது, தேக்கம் இன்னும் கூடும். ஏற்கெனவே நிரம்பிய பானைக்குள் மேலும் ஊற்றுவதுபோல. அதனால்தான் “ஆழமா மூச்சை இழுங்கோ” என்று பக்கத்தில் நின்று சொல்வது உதவாது. “மெதுவா ஊதி விடுங்கோ” என்பதே சரி. உதட்டைக் குவித்து, இழுத்த நேரத்தைப்போல இரண்டு மடங்கு நேரம் ஊத வேண்டும். அப்படி ஊதும்போது குழாய்க்குள் ஓர் எதிரழுத்தம் நின்று, அது ஒட்டாமல் பிடிக்கிறது. சிகிச்சையாளர் இதைக் காட்டியபோது பெரியம்மா, “உது அடுப்பு ஊதுற மாதிரியெல்லோ” என்றார். உதடு குவிகிற விதம் அதேதான்.

இனி அந்தக் கதிரைக்கு வருகிறேன். இளைப்பு வந்ததும் பெரியம்மாவின் வேலைகளை ஒவ்வொன்றாக நாங்கள் பறித்தோம். முற்றம் கூட்டுவது முதலில் போயிற்று, பிறகு பூப் பறிப்பது, பிறகு குளிப்பு. “நீங்கள் இருங்கோ, நான் செய்யிறன்” என்பதை அன்போடுதான் சொன்னோம். ஆறு மாதத்தில் அவரால் கதிரைக் கைப்பிடியைப் பிடிக்காமல் எழும்ப முடியாமல் போய்விட்டது. தொடைத் தசை வேலை இல்லாவிட்டால் கரையும். கரைந்த தசைக்கு அதே வேலையைச் செய்யக் கூடுதல் ஒட்சிசன் தேவை, அதனால் இளைப்பு கூடும், இளைப்புக் கூடினால் இன்னும் இருக்கச் சொல்வோம். நுரையீரல் அதே அளவில் நிற்க, ஆள் மட்டும் சுருங்கிக்கொண்டே போவார். இந்தச் சுழியை உடைப்பதற்குத்தான் நுரையீரல் புனர்வாழ்வுப் பயிற்சி. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், 6 முதல் 12 வாரம். 2015 இல் 65 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது இதன் பலன் எவ்வளவு தெளிவாக இருந்தது என்றால், வழமையான கவனிப்போடு இதை ஒப்பிட்டுப் பார்க்க இனிமேல் புதிய ஆய்வே தேவையில்லை என்று அந்தத் தொகுப்பு முடிந்தது. மருத்துவத்தில் அப்படிச் சொல்லப்படுவது அபூர்வம்.

ஒட்சிசன் யாருக்கு? இளைக்கிற எல்லோருக்கும் அல்ல. 1980 இல் அமெரிக்காவிலும் 1981 இல் பிரித்தானியாவிலும் வெளிவந்த இரண்டு ஆய்வுகளின் மேல்தான் இன்றைய வழமை நிற்கிறது. பிரித்தானிய ஆய்வில் 87 பேர். நாளுக்கு 15 மணி நேரமாவது ஒட்சிசன் எடுத்த 42 பேரில் ஐந்து வருடத்துக்குள் 19 பேர் இறந்தார்கள். எடுக்காத 45 பேரில் 30 பேர். அமெரிக்க ஆய்வில், இரவில் 12 மணி நேரம் மட்டும் எடுத்தவர்களிடையே இறப்பு, பகலும் இரவும் எடுத்தவர்களைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. இவர்கள் எல்லோரும் சும்மா இருக்கும்போதே குருதியில் ஒட்சிசன் மிகவும் குறைந்தவர்கள். இன்றைய கணக்கில் விரலில் மாட்டி ஒட்சிசன் அளவைப் பார்க்கும் கருவி 88 வீதம் அல்லது அதற்குக் கீழ் காட்டுகிறவர்கள், அதையும் நாடிக் குருதி எடுத்து உறுதிப்படுத்த வேண்டும். 89 க்கும் 93 க்கும் இடையில் இருப்பவர்களையும், நடக்கும்போது மட்டும் குறைகிறவர்களையும் சேர்த்து 738 பேரை வைத்து 2016 இல் வெளிவந்த ஆய்வில், ஆயுளும் கூடவில்லை, வைத்தியசாலைக்குப் போவதும் குறையவில்லை.

அப்படியானால் ஒட்சிசன் போதிய அளவு இருந்தும் இளைக்கிறவருக்கு என்ன வழி? ஒரு பனையோலை விசிறி. முகத்தில் படும் குளிர்ந்த காற்று, மூக்கையும் கன்னத்தையும் சுற்றியுள்ள நரம்பு வழியாக மூளைக்குப் போய் மூச்சுத் தவிப்பைத் தணிக்கிறது. கையடக்க விசிறியை வைத்துச் செய்த ஆய்விலும் இது தெரியவந்திருக்கிறது. பெரியம்மாவின் கதிரையில் ஒன்று எப்போதும் தொங்கும்.

ஆயுளைப் பற்றிய அந்த எண்களை நான் மதிக்கிறேன். ஆனால் 15 மணி நேரம் என்றதும் அதைக் கட்டிலில் கழிக்க வேண்டிய தண்டனையாகப் பல வீடுகள் எடுத்துக்கொள்கின்றன. நித்திரை எட்டு மணி நேரம். மிச்ச ஏழும் மரக்கறி வெட்டலாம், நடக்கலாம், குளிக்கலாம். குளிப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தானே குளிக்க முடியாமல் போனதுதான் பெரியம்மாவை எல்லாவற்றையும்விட நோகடித்தது. வாளியைத் தூக்கித் தலைக்கு மேல் ஊற்றும்போது இரண்டு கையும் உயர்கின்றன. மூச்சுக்கு உதவிக்கொண்டிருந்த தோள், கழுத்துத் தசைகள் அந்த நேரம் கைவேலைக்குப் போய்விடுவதால் மூச்சு தனித்துவிடும். கிணற்றடியில் கால் நீளம் குறைத்த பிளாஸ்டிக் கதிரை ஒன்று போட்டோம். வாளி இன்னொரு கதிரையில், இடுப்பு உயரத்தில். சிறிய சுண்டுக்கோப்பையால் அள்ளி, தலையைக் குனிந்து, ஊற்றும்போது மூச்சை ஊதி விடுவார். குழாய் மூக்கில் இருந்தபடியே. முதுகை எட்டித் துடைக்கும் வேலையே இல்லாமல், பெரிய துவாயை மேலங்கிபோலத் தைத்துக் கொடுத்தோம். அதைப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் இருந்தால் ஈரம் தானாக உறிஞ்சும். முதல் நாள் குளிப்புக்கு 40 நிமிடம் எடுத்தது. நான் வாழைமரத்துக்கு அப்பால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன், அவர் கேட்டுக்கொண்டபடி.

அடுத்தது எங்கள் வீட்டில் நடந்த பிழை. ஒட்சிசன் மெஷின் வந்த இரண்டாம் மாதம், கொஞ்சம் கூடுதலாக இளைக்கிறார் என்று, வந்திருந்த உறவினர் ஒருவர் நிமிடத்துக்கு ஒன்றரை லீற்றரில் இருந்த குமிழை நாலுக்குத் திருப்பிவிட்டார். விரல் கருவி 97 காட்டியது, எல்லோருக்கும் சந்தோஷம். மறுநாள் காலை தலையிடி, அதற்கு மறுநாள் பேச்சுக் குழறல், பிறகு எழுப்பினாலும் எழும்பாத நித்திரை. விரல் கருவி அப்போதும் நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது. அது ஒட்சிசனை மட்டும்தான் அளக்கும். உள்ளே ஏறிக்கொண்டிருந்தது காபனீரொட்சைட்டு. இந்த நோயில் நுரையீரலின் பழுதான பகுதிகளுக்குக் குருதி போகாமல் உடல் தானே அடைத்து வைத்திருக்கும். ஒட்சிசன் அளவு மீறினால் அந்த அடைப்பு திறந்து, காற்றோட்டம் இல்லாத பகுதிக்கும் குருதி ஓடி, கழிவு வாயு வெளியேறாமல் தேங்கும். மூச்சின் வேகமும் சிலருக்குத் தணிந்துவிடும். அதனால்தான் இப்படிப்பட்டவர்களுக்கு வைத்தியர்கள் 88 முதல் 92 வரை என்று குறி வைக்கிறார்கள். 97 என்பது அவர்களுக்கு நல்ல எண் அல்ல. அந்தக் குமிழ் மருந்துச் சீட்டுப் போன்றது. எழுதியவர் தவிர வேறு யாரும் திருத்தக் கூடாது.

அந்தத் தடவை வைத்தியசாலையில்தான் பைபாப் எங்களுக்கு அறிமுகமானது. ஒட்சிசன் மெஷினும் இதுவும் ஒன்றல்ல. ஒட்சிசன் மெஷின் காற்றின் தரத்தை மாற்றித் தருகிறது. பைபாப் மூச்சு விடும் வேலையையே பங்கெடுக்கிறது. முகமூடி வழியாக, இழுக்கும்போது கூடிய அழுத்தம், விடும்போது குறைந்த அழுத்தம். இரவில் களைத்த தசைகளுக்கு ஓய்வு, தேங்கிய வாயுவுக்கு வெளியேற்றம். காபனீரொட்சைட்டுத் தொடர்ந்து உயர்ந்தே நிற்பவர்களுக்கு வீட்டில் ஒட்சிசனோடு இதையும் சேர்த்துக் கொடுத்த 2017 ஆம் ஆண்டு ஆய்வில், மறுபடி வைத்தியசாலையில் சேர்வதற்கோ இறப்பதற்கோ முன் கழிந்த காலம், நடுக் கணக்கில், 1.4 மாதத்திலிருந்து 4.3 மாதமாக நீண்டது. முகமூடி பழக எங்களுக்கு மூன்று கிழமை பிடித்தது. பகலில் பேப்பர் வாசிக்கும்போது கால் மணி நேரம் கையில் பிடித்தபடி மூக்கில் வைத்துத் தொடங்கினோம். கட்டிவிட்டு ஆளைத் தனியே விட்டால் முதல் இரவிலேயே கழற்றி எறிவார், பிறகு தொடவே விடமாட்டார்.

மெஷினைப் பற்றி ஒரு சொல். ஒட்சிசன் செறிவாக்கிக்குள் எதுவும் நிரப்பப்படுவதில்லை. அறைக் காற்றில் 78 வீதம் நைதரசன், 21 வீதம் ஒட்சிசன். அந்தக் காற்றை அழுத்தி சியோலைட்டு என்ற கனிமத் துகள்கள் நிரம்பிய உருளைக்குள் அனுப்பினால், நைதரசன் துகள்களில் ஒட்டிக்கொள்ளும், ஒட்சிசன் கடந்துவரும். மாவை அரிதட்டில் அரிப்பதுபோல. பிறகு அழுத்தத்தை விட்டு நைதரசனை வெளியே தள்ளும், அந்த “ஸ்ஸ்” சத்தம் அதுதான். வடிகட்டியைக் கிழமைக்கு ஒருமுறை கழுவ வேண்டும், சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. ஈரப்பதப் போத்தலுக்கு எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஆகாது. சுண்ணக்கல்லுக்குள் ஊறிய தண்ணீர், கேத்தலில் படியும் அதே வெள்ளை அங்கும் படியும். காய்ச்சி வடித்த தண்ணீரே போட வேண்டும்.

கனடாவிலிருந்து அன்போடு அனுப்பப்படும் மெஷின்களைப் பற்றி எச்சரிக்காமல் விட முடியாது. அங்கே 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். நேரே செருகினால் எரியும். ட்ரான்ஸ்போமர் போட்டால் வோல்ட் சரியாகும், ஹேர்ட்ஸ் மாறாது. கம்பிரசர் மெதுவாக ஓடி, வெளிவரும் ஒட்சிசனின் தூய்மை குறையக்கூடும், வெளியில் ஒன்றும் தெரியாது. பிள்ளைகள் காசை அனுப்பட்டும், மெஷினை இங்கே வாங்குவோம். தோளில் மாட்டும் சிறிய மெஷின்களிலும் ஒரு மயக்கம் உண்டு: அவற்றில் பல, மூச்சை இழுக்கும் கணத்தில் மட்டும் ஒரு சிறு வீச்சாக விடுபவை. அதில் எழுதியிருக்கும் “2” இரண்டு லீற்றர் அல்ல. நடந்து பார்த்து, விரல் கருவியோடு சரிபார்த்த பிறகே காசைக் கொடுக்க வேண்டும்.

ஐந்து லீற்றர் மெஷின் ஒன்று 350 வாட் அளவு எடுக்கும். 15 மணி நேரத்துக்கு ஐந்தேகால் அலகு, மாதத்துக்கு 157 அலகு. படிப்படியாக ஏறும் எங்கள் கட்டணப் பட்டியலில் இது ஒரு குடும்பத்துக்குச் சிறிய பாரம் அல்ல. வீட்டில் ஒட்சிசனில் வாழ்பவர்களுக்குத் தனிச் சலுகைக் கட்டணம் வேண்டும் என்று நான் உறுதியாகக் கேட்கிறேன். அதைவிடப் பெரிய பயம் மின்வெட்டு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9 இல் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் இருண்டது. 12 வோல்ட் 100 அம்பியர்-மணி பற்றரி ஒன்றைப் பாதிவரை பாவித்தால் இந்த மெஷின் இரண்டு மணி நேரம்கூட ஓடாது. கூரையில் சோலர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் ஒரு செய்தி: பற்றரி இல்லாமல் மின்சார சபைக் கம்பியோடு இணைத்த சோலர், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும், கம்பியில் வேலை செய்பவரின் உயிரைக் காப்பதற்காக அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். ஆகவே ஒரு சிலிண்டர் வீட்டில் இருக்கத்தான் வேண்டும். 340 லீற்றர் சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லீற்றர் வீதம், 170 நிமிடம். எங்கள் சிலிண்டரின் கழுத்தில் இந்தக் கணக்கை எழுதிய அட்டை ஒன்று தொங்குகிறது, பதற்றத்தில் யாரும் கணக்குப் போட வேண்டியதில்லை.

நெருப்பு. ஒட்சிசன் தானாக எரியாது, ஆனால் சேலையிலும் முடியிலும் ஊறி நின்று ஒரு பொறியைச் சுவாலையாக்கிவிடும். குத்துவிளக்கு, கற்பூரம், வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, நுளம்புத்திரி, காஸ் அடுப்பு எல்லாம் குழாயிலிருந்து மூன்று மீற்றராவது தள்ளி. மூக்கு வறண்டால் எண்ணெயோ தைலமோ பூசக் கூடாது, தண்ணீரில் கரையும் களிம்புதான். பெரியம்மா வாழ்நாள் முழுதும் தன் கையால் விளக்கேற்றியவர். இப்போது நான் ஏற்ற, அவர் விறாந்தையிலிருந்து தேவாரம் பாடுகிறார். இரண்டு வரிக்கு ஒரு தடவை நிறுத்தி ஊதி விட வேண்டும். அவருக்கு அது குறையாகவே இருக்கிறது, எனக்கும்தான்.

நடை எங்கள் ஒழுங்கையிலேயே தொடங்கியது. படலையிலிருந்து முதல் மின்கம்பம் வரை, திரும்பிப் படலை வரை. கதைக்க முடிய வேண்டும், பாட முடியாதிருக்க வேண்டும், அதுதான் சரியான வேகம். அதே ஒழுங்கையில் இன்னொரு ஐயா சைக்கிளை உருட்டிக்கொண்டு நடப்பார், முன் கூடையில் கட்டிய சின்னச் சிலிண்டரோடு. முதலில் எனக்கு அது விளங்கவில்லை. சற்று முன்னே சாய்ந்து கைகளை ஊன்றும்போது தோள் தசைகள் மூச்சுக்கு வேலை செய்கின்றன, வெளிநாட்டில் சில்லு வைத்த நடைவண்டியைக் கொடுப்பதும் இதற்காகவே. காலில் உறுதி உள்ளவருக்கு மட்டும்தான் சைக்கிள், தடுமாறுகிறவருக்கு அது சரிந்துவிடும். கார்த்திகையிலிருந்து தை வரை சில நாட்களில் வடகீழ்க் காற்றோடு இந்தியப் பக்கத்துப் புகையும் சேர்ந்து வந்து வானம் மங்கி நிற்கும். அந்த நாட்களில் வீட்டுக்குள்ளேயே கதிரையிலிருந்து எழும்பி இருந்து எழும்பி, பத்துத் தடவை. முதல் கிழமை பெரியம்மா மூன்றோடு நிறுத்தினார்.

மெஷின் நடு அறையில் நிற்க, 15 மீற்றர் குழாய் கிணற்றடி தாண்டிச் செவ்வரத்தை மரம் வரை எட்டுகிறது. பூவை அவரே பறிக்கிறார். போன மாதம் வேலியோரம் முருங்கை நிறையக் காய்த்துத் தொங்கியது, அதற்கு இன்னும் ஆறேழு மீற்றர் தேவை. குழாயை நீட்டித் தா என்கிறார். அதற்கு மேல் நீட்டினால் ஒட்சிசன் சரியான அளவில் போய்ச் சேராது, எங்கள் மெஷினின் கைநூலிலும் 15 என்றே இருக்கிறது. “அப்ப மெஷினைக் கொண்டுபோய்ப் பின்விறாந்தையிலை வை” என்றார். யோசித்துப் பார்த்தால் அங்கே நிழல் இருக்கிறது, காற்றோட்டம் இருக்கிறது, மழைச் சாரல் படாத மூலையும் ஒன்று இருக்கிறது. வருகிற சனிக்கிழமை வயரிங் வேலை செய்யும் தம்பி வருகிறார், அந்த மூலையில் ஒரு பிளக் போட.